எல்லோரும் கேட்ட அப்பாவின் நெஞ்சு

அப்பா எங்களை விட்டுப் பிரிந்து ஓர் ஆண்டு நிறைகிறது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியன்று வெளியிட்ட நினைவு மலரில் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அதில் அப்பா "எல்லோருக்கும் நல்லவர்" என்று இருந்தது. உண்மைதான். அந்த "எல்லோருக்கும்" என்ற சொல்லோடுதான் எனக்குக் கோபம். நான் அவருடைய ஒரே மகள், ஒரே பிள்ளை. எல்லோருக்கும் என்று பங்கு போட்டால் எனக்கு என்ன மிஞ்சும்? ஆண்டுத் திவச மலருக்கு நீயே எழுது என்று மாமா சொன்னபோது, அப்படியானால் எனக்குத் தோன்றுவதைத்தான் எழுதுவேன் என்றேன். அவரும் சம்மதித்தார். பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அப்பா வடக்கே கரவெட்டியில் பிறந்தவர். ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவர். சிறு வயதில் கடுமையான காய்ச்சல் வந்து முழங்கால்களும் கணுக்கால்களும் வீங்கிப் பல வாரம் பாயில் கிடந்தாராம். காய்ச்சல் போய்விட்டது. போகும்போது இதயத்தின் ஒரு வால்வைத் தழும்பாக்கிச் சுருக்கிவிட்டுப் போனது. அதன் பிறகு மற்றப் பிள்ளைகளோடு ஓட வீட்டில் விடவில்லை. உட்கார்ந்த இடத்தில் கோடு போட்டுப் பழகினார். அந்தக் கோடுதான் பின்னாளில் அவருக்கு அரசாங்கத்தில் படவரைஞர் வேலை வாங்கிக் கொடுத்தது.

முதல் நியமனம் கண்டி. இரண்டு வருடத்தில் ஊருக்கு மாற்றம் எடுத்துவிடலாம் என்று ஒரு சூட்கேசோடு வந்தவர் கடைசிவரை இங்கேதான் இருந்தார். இனக் கலவரத்தின்போது அம்மாவையும் அப்பாவையும் உடன் வேலை செய்த ஒரு சிங்கள நண்பர் தம் வீட்டு அறையில் வைத்துக் காப்பாற்றினார். யுத்தம் ஊருக்குப் போகும் பாதையை மூடியிருந்த காலத்தில் அப்பாவின் தாயார் காலமானார். கொள்ளி வைக்க அவரால் போக முடியவில்லை. அந்தத் தினத்தில் ஒவ்வொரு வருடமும் சாப்பிடாமல் இருப்பார்.

ஓய்வுபெற முன்னரே கண்டிக்குப் பக்கத்தில் குண்டசாலையில் வீடு கட்டினார். வரைபடம் அவரே போட்டது. மேட்டுக் காணி என்பதால் கேற்றிலிருந்து வாசல்வரை செங்குத்தான படிகள். நாற்பது வருடம் ஊரார் கட்டடங்களுக்கெல்லாம் பிழையில்லாமல் கோடு போட்டவர், தன் நெஞ்சு தாங்காத படிகளைத் தன் வீட்டுக்குப் போட்டுக்கொண்டார். மரக்கறிப் பையோடு நடுப்படியில் நின்று ரோஜாச் செடியைப் பார்ப்பது போலப் பாவனை செய்து மூச்சு வாங்குவார். அந்தச் செடியை அதற்காகவே அங்கே நட்டார் என்று அம்மா சொல்லுவா.

இனி என் கதை வர வேண்டும். ஏனென்றால் அப்பாவின் கடைசிக் காலம் முழுவதும் என் கதையோடுதான் போனது.

உயர்தரப் பரீட்சையில் மருத்துவத்துக்கு எனக்கு மயிரிழையில் தவறியது. கரவெட்டிக் காணியை விற்று அப்பா என்னைப் பெலரூசுக்கு அனுப்பினார். ஆறு வருடம் பனியில் ரஷ்ய மொழியில் நோயாளிகளோடு பேசிப் படித்து, பட்டத்தோடு திரும்பி வந்தேன். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் இறங்கியவுடனே நான் டொக்டர் என்று உறவினர்கள் நினைத்தார்கள். இல்லை. வெளிநாட்டில் படித்தவர்கள் இங்கே மருந்து எழுத வேண்டுமானால் மருத்துவ சபையின் பரீட்சையில் தேற வேண்டும். முதலில் எழுத்துப் பரீட்சை. அதன்பின் கிளினிக்கல். அதில் ஒரு நோயாளியைக் காட்டி, கேட்டும் தட்டியும் தொட்டும் பார்த்து என்ன வருத்தம் என்று சொல்லச் சொல்லுவார்கள். தேறினால் ஒரு வருடம் அரசாங்க வைத்தியசாலையில் உள்ளகப் பயிற்சி. அதை முடித்தால்தான் பெயருக்கு முன்னால் டொக்டர் என்று போட்டதற்கு அர்த்தம் வரும். கடையில் பால்மா வாங்கும்போது "பிள்ளை இன்னும் வேலைக்குப் போகேல்லையோ" என்று கேட்பவர்களுக்கு இதையெல்லாம் எப்படி விளக்குவது? அப்பா விளக்கினார். பொறுமையாக, ஒரு கட்டட வரைபடத்தை விளக்குவது போல.

எழுத்துப் பரீட்சை இரண்டாம் முறையில் தேறிவிட்டது. கிளினிக்கல்தான் பயம். பெலரூசில் நான் பார்த்த முதியவர்களுக்குக் கொழுப்பு அடைத்த இதயங்கள் இருந்தன. காய்ச்சலால் வால்வு சுருங்கிய இதயம் ஒன்றுகூட என் கைக்கு வரவில்லை. இங்கேயோ பரீட்சையில் அடிக்கடி வருவது அதுதான். அந்த இரைச்சல் மிக மெல்லியது. நோயாளி இடப்பக்கம் சரிந்து படுத்து மூச்சை வெளியே விட்டு நிறுத்தினால், ஸ்டெத்தின் சிறிய பக்கத்தை வைத்துக் காது கொடுத்தால், கேட்கும். எனக்கு இப்படி ஒரு கவலை என்று சொன்ன அன்று அப்பா சேட்டின் பொத்தானைக் கழற்றிக்கொண்டு ஹோலில் இருந்த செற்றியில் படுத்துவிட்டார்.

"வீட்டில வைச்சுக்கொண்டு ஏன் பிள்ளை வெளியில தேடுறாய்?" என்றார்.

எனக்குக் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, அடுத்த நாளும் கேட்கவில்லை. கேட்கவில்லை என்றே சொன்னேன்.

கண்டி டவுனில் இந்தப் பரீட்சைக்காக நான் போன வகுப்பில் ஆறேழு பேர் இருந்தோம். எல்லோருமே வெளிநாட்டில் படித்துவிட்டு இதே வாசலில் காத்துக்கிடந்தவர்கள். அவர்களில் ஒருவர் ஜெசிந்தா. பன்வில தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. புலமைப்பரிசில் கிடைத்துப் பங்களாதேசில் படித்தவர். என்னைவிட இளையவர்தான். மலர் என்றால் மரியாதை விகுதி போட வேண்டும் என்று மாமா சொன்னதால் "வந்தார், போனார்" என்றே எழுதுகிறேன். என் அப்பாவின் நெஞ்சில் நல்ல இரைச்சல் இருக்கிறது, ஒரு நாள் வந்து கேட்டுப் பாருங்கள் என்று நானேதான் வாயைக் கொடுத்தேன்.

அவர் வத்தேகமையில் பஸ் மாறி வந்து சேர்ந்தார். அம்மா கொடுத்த தேத்தண்ணீரைக் குடித்தார். கைகளை உரசிச் சூடாக்கிக்கொண்டு, ஸ்டெத்தை வைத்துக் கண்ணை மூடினார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

"கேக்குது அங்கிள்," என்றார். "தூரத்துல லொறி ஒன்னு மெதுவா மேடு ஏறுற மாதிரி."

அப்பா எழும்பி உட்கார்ந்துவிட்டார். அந்தச் சத்தத்தை ஐம்பது வருடத்துக்கு மேல் சுமந்தவர் அவர். எத்தனையோ டொக்டர்மார் கேட்டுவிட்டுக் கார்ட்டில் எழுதினார்களே தவிர, அது எப்படி இருக்கும் என்று ஒருவரும் அவருக்குச் சொன்னதில்லை. "லொறியோ? உண்மையாவோ?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். சமைத்துக்கொண்டிருந்த அம்மாவைக் குசினியிலிருந்து கூப்பிட்டுச் சொன்னார். அன்று எனக்கு வயிறு எரிந்தது. இன்றும் எரிகிறது. என் அப்பாவின் நெஞ்சுக்குள் லொறி ஓடுவதை வத்தேகமை பஸ்ஸில் வந்த ஒருவர் வந்துதான் சொல்ல வேண்டுமா?

அதன் பிறகு எங்கள் ஹோல் வகுப்பறையாகிவிட்டது. சனி ஞாயிறுகளில் அத்தனை பேரும் வந்தார்கள். வாசலில் செருப்புகள் கலியாண வீட்டைப் போலக் கிடக்கும். அப்பாவுக்குப் புதிய உத்தியோகம் கிடைத்தது போல உற்சாகம். நோயாளி சொல்ல வேண்டியதை வசனமாகவே பாடமாக்கி வைத்திருந்தார். ஓய்வுபெற்ற படவரைஞர், ஆறு மாதமாக மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறது, இரவில் இரண்டு தலையணை வேண்டும், சிறு வயதில் மூட்டு வீக்கம். சிங்களப் பிள்ளைகளுக்குச் சிங்களத்திலும் அதே வரிசையில் சொல்லுவார். கேட்காததைத் தானாகச் சொல்லமாட்டார். சரிந்து படுக்கச் சொல்லாவிட்டால் மரக்கட்டை மாதிரி மல்லாந்தே கிடப்பார்.

ஆனால் மனம் இளகியவர். யாராவது ஸ்டெத்தைப் பிழையான இடத்தில் வைத்தால் மெதுவாக இருமுவார். அவர்கள் உடனே இடத்தை மாற்றுவார்கள். எல்லோருக்கும் இருமினார். எனக்கு மட்டும் இருமவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"உனக்குச் சோதனையில ஆர் இருமப் போகினம்?" என்றார்.

மற்றவர்களுக்கு மட்டும் யாராம் இருமப் போகிறார்கள்? இன்னொன்றும் நடந்தது. முதலில் ஜெசிந்தாவைத் "தங்கச்சி" என்றுதான் அழைத்தார். சில வாரத்தில் அது "பிள்ளை" ஆகிவிட்டது. "பிள்ளை சாப்பிட்டிட்டுப் போகலாம்" என்று ஹோலிலிருந்து குரல் வரும். அறையில் இருந்து நான் "ஓம் அப்பா" என்று வெளியே வந்தால் அது எனக்கில்லை. எங்கள் வீட்டில் இருபத்தேழு வருடம் பிள்ளை என்றால் நான் ஒருத்திதான்.

இந்தப் பழக்கத்தால் ஒரு பெரும் பிழையும் நடக்கப் பார்த்தது. ஒரு மாலை நான் செற்றிக்கு எதிரே படித்துக்கொண்டிருந்தேன். அப்பா வெளியிலிருந்து வந்து செற்றியில் உட்கார்ந்து, மேடு ஏறும்போது மூச்சு வாங்குகிறது என்றார். நானும் வழக்கம்போல எப்போது தொடக்கம், இருமல் உண்டா, தலையணை எத்தனை என்று ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டேன். அவரும் பாடமாக்கிய வரிசையிலேயே, ஆறு மாதம் உட்பட, சொல்லி முடித்தார். நான் நல்லாயிருக்கிறது என்று சொல்லிப் புத்தகத்தைப் புரட்டினேன். அந்த வசனத்தை அவர் அவ்வளவு பழகிவிட்டிருந்தார். உண்மையிலேயே மூச்சு முட்டியபோதும் வாயில் வந்தது அதே வசனம்தான்.

அப்போதுதான் ஜெசிந்தா ஒரு புத்தகம் திருப்பிக் கொடுக்க வந்தார். வாசற்படியில் நின்றபடியே அப்பாவைப் பார்த்தார்.

"அக்கா, அங்கிள் சொல்லி முடிச்சிட்டாரு. ஆனா மூச்சு இன்னும் நிக்கலயே," என்றார். உள்ளே வந்து அப்பாவின் மணிக்கட்டைப் பிடித்தார். "தாளமே மாறி ஓடுது. இது பழகுறது இல்லக்கா, மெய்யாவே. ஓட்டோவ கூப்பிடுங்க."

நேரத்தோடு கொண்டுபோய்விட்டோம். இதயத் துடிப்பு ஒழுங்கு தவறியிருந்தது. புதிய மருந்துகள் கொடுத்து ஒரு வாரத்தில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்பா சொல்ல முதலில் கேட்டது நான். கண்டுபிடித்தது ஜெசிந்தா. வார்ட்டில் அப்பா அடுத்த கட்டில்காரருக்கு அவரைக் காட்டி, இந்தப் பிள்ளைதான் பிடிச்சது என்று சொல்லிக்கொண்டிருந்தார். கட்டிலின் மறுபக்கத்தில் கஞ்சிப் போத்தலோடு நான் நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் இனி ஒருவரும் அப்பாவின் நெஞ்சைத் தொடக்கூடாது என்று சட்டம் போட்டேன். அப்பா கேட்கவில்லை. பரீட்சை நெருங்குகிறது, பிள்ளைகள் பாவம் என்றார். கடைசியில் ஒரு விதிக்கு உடன்பட்டார். ஹோலில் சொல்வதெல்லாம் சோதனைக் கதை. உண்மையில் வருத்தம் என்றால் எழும்பிக் குசினிக்கு வந்து சொல்ல வேண்டும். குசினியில் சொன்னால் அது மெய். சின்னப் பிள்ளைகளின் விளையாட்டைப் போலத்தான் இருந்தது. ஆனால் அவர் ஒரு நாளும் அதை மீறவில்லை. தலையிடி என்றாலும் குசினிக்கு வந்து, அம்மிக்குப் பக்கத்தில் நின்றுதான் சொல்லுவார்.

கொழும்பில் கிளினிக்கல் பரீட்சை நடந்தது. ஜெசிந்தாவுக்கு வந்த நோயாளிக்கு, நீங்கள் நினைப்பது சரி, அப்பாவின் வருத்தம்தான். எனக்கு வந்தது ஈரல். அவர் தேறினார். நான் தேறவில்லை. முடிவு வந்த அன்று அப்பா என் தலையைத் தடவி, அடுத்த முறை பார்ப்போம் என்றார். அதெல்லாம் குறைவில்லை. ஆனால் மாலையில் லட்டுப் பெட்டியோடு அயல் வீடுகளுக்குப் போனவர், "என்ர வருத்தம்தான் வந்ததாம்" என்று வீட்டுக்கு வீடு சொல்லிவிட்டு வந்தார். தான் ஏதோ பரீட்சையில் முதலாம் பிரிவில் தேறியது போல. சொந்த மகள் கோட்டை விட்ட நாளில் லட்டுக் கொடுத்த தகப்பன் கண்டி மாவட்டத்தில் இவர் ஒருவர்தான் இருப்பார்.

அடுத்த முறை நானும் தேறினேன். எனக்கு வந்தது நுரையீரல். அப்பா அழுதார். அம்மா சொல்லித்தான் தெரியும், செல்வவிநாயகருக்குத் தேங்காய் உடைத்தபோது இரண்டு உடைத்தாராம். மற்றது யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

எனக்கு உள்ளகப் பயிற்சி அம்பாறைப் பக்கம் கிடைத்தது. ஜெசிந்தா அதற்குள் பயிற்சி முடித்து, எங்கள் வீட்டுக்குக் கிட்டிய ஒரு வைத்தியசாலையில் வைத்தியராகச் சேர்ந்திருந்தார். அங்கும் அதிர்ஷ்டம் அவருக்குத்தான். வாரத்தில் ஒரு நாள் வந்து அப்பாவைப் பார்த்துப் போவதாக அம்மா சொல்லுவா. நான் அந்தப் பேச்சை மாற்றிவிடுவேன்.

சென்ற ஆண்டு, என் பயிற்சி தொடங்கிச் சில வாரத்தில், அந்த நாள் காலையில் நான் வார்ட்டுக்குப் போகும் வழியில் அப்பா ரெலிபோன் எடுத்தார்.

"நான் ஹோலில இருக்கிறன் பிள்ளை. எனக்கு ஒண்டும் இல்லை. நீ வேலையைப் பார்," என்றார்.

எங்கே இருக்கிறார் என்று நான் கேட்கவேயில்லை. அவராகத்தான் சொன்னார். நோயாளிகள் காத்திருந்தார்கள். சரி அப்பா என்று வைத்துவிட்டேன். அதன் பின் நடந்தது அம்மா சொல்லித் தெரிந்தது. ரெலிபோனைக் கையில் வைத்துக்கொண்டு செற்றியிலிருந்து எழும்பினாராம். சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினிவரை நடந்தாராம். அம்மிக்குப் பக்கத்தில் நின்று ஜெசிந்தாவுக்கு ரெலிபோன் அடித்தாராம். "பிள்ளை, குசினிக்குள்ள நிண்டு கதைக்கிறன்" என்று மட்டும் சொன்னாராம். மெய் சொல்ல எழும்பி நடக்க அவருக்குத் தெம்பிருந்தது. அந்த மெய் எனக்கு வரவில்லை.

காரணம் எனக்கு விளங்கும். நான் ஐந்து மணித்தியாலத் தூரத்தில் இருந்தேன். ஜெசிந்தா பக்கத்தில் இருந்தார். பயிற்சியை இடையில் விட்டுவிட்டு நான் ஓடி வந்தால் அது நீண்டுவிடும், இத்தனை வருடம் காத்தது இன்னும் தள்ளிப்போகும் என்று அப்பா பயந்தார். எல்லாம் சரி. காரணம் விளங்கினால் எரிச்சல் போய்விடும் என்று யார் சொன்னது?

ஜெசிந்தா ஓட்டோவில் வந்து அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நுரையீரலில் நீர் கோத்திருந்தது. வைத்தியர்கள் செய்யக்கூடியதையெல்லாம் செய்தார்கள். பகலுக்குப் பின் நிலைமை மோசமானதும் ஜெசிந்தாவே எனக்கு அறிவித்தார். மகியங்கனை வழியாக நான் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. எல்லாம் முடிந்திருந்தது. ஜெசிந்தா வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். கழுத்தில் ஸ்டெத் கிடந்தது. அப்பாவின் நெஞ்சைக் கடைசியாகக் கேட்ட ஸ்டெத் அது.

"ஒங்களுக்குத்தான் மொதல்ல சொல்லணும்னு சொன்னேக்கா. அங்கிள்தான் வேணாம்னாரு," என்றார். பிறகு ஸ்டெத்தைக் கழற்றி மடியில் வைத்தார். "ஒன்னு சொன்னாருக்கா. என் நெஞ்சுல ஸ்டெத்த வச்சா மக என் மொகத்தத்தான் பாப்பா, அதுனாலதான் அவளுக்கு ஒன்னும் கேக்கலன்னாரு. வேற நெஞ்சுன்னா கேட்ருவான்னாரு."

இதை அப்பா என்னிடம் சொல்லியிருக்கலாம். நான் எத்தனை சனிக்கிழமை அந்தச் செற்றியின் அருகே முழங்காலில் இருந்தேன். அதையும் ஜெசிந்தாவிடம்தான் சொல்லிவிட்டுப் போனார்.

நன்றி கூற வேண்டிய இடத்துக்கு வந்துவிட்டேன். அப்பாவைக் கவனித்த வைத்தியர்கள், தாதிமார், சிற்றூழியர்கள் அனைவருக்கும் எங்கள் நன்றி. கொட்டகை போட்டதிலிருந்து எட்டாம் நாள் எட்டுச் செலவுக் கிரியை வரை தம் வீட்டுக் காரியமாக நின்ற அயலவர்களுக்கும், கரவெட்டியிலிருந்தும் கனடாவிலிருந்தும் வந்து சேர்ந்த உறவுகளுக்கும், கிரியைகளை நடத்திய குருக்கள் ஐயாவுக்கும், எல்லாப் பொறுப்பையும் தலையில் ஏற்ற மாமாவுக்கும் நன்றி. அன்று எங்கள் ஹோலில் அப்பாவின் நெஞ்சைக் கேட்டுப் பழகிய பிள்ளைகள் அத்தனை பேரும், தேறியவர்களும் தேறாதவர்களும், வெள்ளை உடுத்து வந்து அதே செற்றியைத் தூக்கி வெளியே வைத்துப் பெட்டிக்கு இடம் பண்ணினார்கள். அவர்களுக்கும் நன்றி. ஜெசிந்தாவுக்கும் நன்றி. அப்பாவுக்கு இரண்டு வருடம் அதிகமாக வாங்கித் தந்தவர் அவர். இந்த வரியை எழுத எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் எழுதிவிட்டேன்.

இன்னும் ஒன்று உண்டு. அண்மையில், பயிற்சி முடியும் தறுவாயில், என் வார்ட்டில் ஒரு முதியவரை அனுமதித்தார்கள். காடு வெட்டிச் சேனைப் பயிர் செய்பவர். மேடு ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று சிங்களத்தில் சொன்னார். இடப்பக்கம் சரிந்து படுக்கச் சொன்னேன். மூச்சை விட்டு நிறுத்தச் சொன்னேன். ஸ்டெத்தின் சிறிய பக்கத்தை வைத்தேன். அந்த முகம் எனக்குத் தெரியாத முகம்.

தூரத்தில் லொறி மேடு ஏறியது. மெதுவாக, விட்டு விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு.

அவரது கார்ட்டில் எழுத வேண்டியதை எழுதினேன். பெரிய டொக்டருக்கு அறிவித்தேன். நல்ல இரைச்சல் ஒன்று கிடைத்தால் மற்றப் பயிற்சி வைத்தியர்களையும் கூப்பிட்டுக் கேட்கச் சொல்வது வார்ட்டில் எங்கள் வழக்கம். இரண்டு பேர் அடுத்த கட்டிலருகேதான் நின்றார்கள். முதியவரிடம் இன்னொரு முறை மூச்சை நிறுத்த முடியுமா என்று கேட்டேன். அவர் நிறுத்தினார். நான் மட்டும் கேட்டேன். அவர்களைக் கூப்பிடவில்லை.